பூட்டு உடையச் சில வினாடி. நஷ்டம் தீரப் பல மாதம்!

இரவு மணி பத்து. மின்சார ரெயிலில் இருந்து இறங்கி வருகிறார் ஒரு தொழிலாளி. காலை ஆறு மணிக்கு, ஸ்டேஷன் ஓரத்து வேப்ப மரத்தடியில், நூறு வண்டிகளோடு ஒரு வண்டியாகத் தம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனவர் அவர். இப்போது அந்த இடத்தில் வேறு வண்டி நிற்கிறது. "இங்கேதானே நிறுத்தினேன்?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு இரண்டு வரிசை தள்ளிப் பார்க்கிறார். திரும்பவும் முதல் வரிசைக்கு வருகிறார். கையில் சாவி இருக்கிறது. சாவிக்கு உரிய வண்டி இல்லை.

வீட்டுக்கு எப்படிப் போவது என்பது முதல் கவலை. நாளைக் காலை வேலைக்கு எப்படிப் போவது என்பது இரண்டாவது கவலை. வண்டிக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணை பாக்கி இருக்கிறதே, அது நிற்குமா என்பது மூன்றாவது கவலை. நிற்காது. வண்டி ஓடினாலும் தவணை உண்டு. வண்டி காணாமல் போனாலும் தவணை உண்டு!

இது ஒரு மாதிரிக் காட்சிதான். ஆனால், இந்தக் காட்சி நடக்காத நகரம் நம் நாட்டில் இல்லை. இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. திருடன் ஏற்படுத்துவது நஷ்டத்தின் ஒரு பகுதியைத்தான். மீதியை ஏற்படுத்துவது உடைந்த பூட்டு, பட்டறைச் செலவு, போலீஸ் நிலையத்து வெயிலும் மழையும், புரியாமல் கையெழுத்துப் போட்ட இன்ஷூரன்ஸ் பத்திரம் ஆகியவையே. முதல் பகுதியை முற்றிலும் தடுக்க யாராலும் முடியாது. இரண்டாவது பகுதியைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

நடுத்தர வீட்டின் குதிரை

இந்தியாவில் பதிவாகியிருக்கும் மோட்டார் வாகனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இரு சக்கர வண்டிகள். கார் வைத்திருப்பவர் வீட்டில் காருக்கு ஒரு கூரை இருக்கும், கேட்டு இருக்கும். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரோ பல சமயம் வாடகை வீட்டுக்காரர். வண்டி தெருவில் நிற்கும். அல்லது மாடிப்படிக்கு அடியில் நிற்கும். பகலில் கடை வாசல், ஆஸ்பத்திரி வாசல், ஸ்டேஷன் ஓரம்.

பால் ஊற்றுகிறவர், கொத்தனார், மருந்துக் கம்பெனி விற்பனையாளர், வீட்டுக்கு வீடு உணவுப் பொட்டலம் கொண்டு போகும் இளைஞர் ஆகிய இவர்களுக்கெல்லாம் வண்டி வாகனம் மட்டும் அல்ல, தொழில் கருவி. தச்சனிடமிருந்து உளியைப் பிடுங்குவதும் இவர்களிடமிருந்து வண்டியைத் திருடுவதும் ஒன்றே. வண்டி இல்லாத நாள், கூலி இல்லாத நாள். இந்த நஷ்டத்தை எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

திருடன் பார்ப்பது என்ன?

மோட்டார் சைக்கிள் எடை குறைந்தது. இரண்டு ஆட்கள் சேர்ந்தால் தூக்கி ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏற்றிவிடலாம். ஒருவர் ஏறி உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் வேறு வண்டியில் பின்னால் இருந்து காலால் தள்ளிக்கொண்டே போகலாம். பெட்ரோல் தீர்ந்து போன நண்பனுக்கு உதவுவது போலத் தோன்றும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வண்டியோடு வருகிற காவல், எல்லோரும் "சைடு லாக்" என்று சொல்லும் ஹேண்டில் பூட்டுத்தான். ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பிச் சாவியைத் திருகினால், உள்ளே இருந்து ஒரு சிறு இரும்பு நாக்கு வந்து குழியில் உட்காரும். விரல் மொத்தம்கூட இல்லாத அந்த நாக்குத்தான் எண்பதாயிரம் ரூபாய் வண்டிக்குக் காவல்! பலம் கொண்டு ஹேண்டிலை மறுபக்கம் தள்ளினால் சில வினாடிகளில் அது முறிந்துவிடும். பழைய வண்டிகளில் சாவித் துவாரமே தேய்ந்து போய், வேறு சாவிக்கும் இடம் கொடுத்துவிடும்.

இதனால் சைடு லாக் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திருடன் பலசாலி என்பதைவிட அவசரக்காரன் என்பதே உண்மை. வரிசையில் நிற்கும் இருபது வண்டிகளில் எது சீக்கிரம் கைக்கு வரும் என்றுதான் அவன் கண் தேடும். பூட்டாத வண்டி முதல் இரை. சைடு லாக் மட்டும் போட்டது இரண்டாவது. சைடு லாக்கும் இன்னொரு பூட்டும் போட்டது கடைசி. பூட்டின் வேலை திருடனைத் தோற்கடிப்பது அன்று. அவனுடைய நேரத்தைத் தின்பது.

பூட்டுகளில் எது நல்லது?

கடைத்தெருவில் இன்று பூட்டு வகைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம்.

முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு, அந்தத் தகட்டின் ஓட்டையில் மாட்டும் "டிஸ்க் லாக்" கிடைக்கிறது. சட்டைப் பையில் அடங்கும். வண்டியை உருட்டவிடாது. ஆனால் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. இன்னோர் ஆபத்து, சொந்தக்காரரின் மறதி. பூட்டு மாட்டியிருப்பதை மறந்து வண்டியைக் கிளப்பினால் அது பிரேக் பாகத்தில் போய் முட்டும், வண்டியும் சாயும், திருடன் வராமலே பட்டறைச் செலவு வரும்! பூட்டில் இருந்து ஹேண்டிலுக்கு ஒரு பளிச்சென்ற நிறக் கயிற்றைக் கட்டி வைத்தால் இந்த மறதி தீரும்.

சங்கிலி பழைய முறை, நல்ல முறை. ஆனால் சங்கிலியைச் சக்கரத்தில் மட்டும் சுற்றி வைப்பவர்களே அதிகம். அப்படிச் செய்தால் வண்டி தன்னைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது. தூக்குபவனுக்கு அது தடை அல்ல. தூண், கிராதி, தரையில் பதித்த வளையம் என்று அசையாத ஒன்றோடு சேர்த்துக் கட்டினால்தான் பயன். முன் சக்கரத்தைக் கழற்றிவிடலாம் என்பதால் வண்டியின் சட்டத்தையோ பின் சக்கரத்தையோ சேர்த்துக் கட்ட வேண்டும். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடக்கும் சங்கிலியை வெட்டுவது எளிது. அந்தரத்தில் இறுக்கமாக நிற்கும் சங்கிலியை வெட்டுவது கடினம்.

அலறும் கருவி மூன்றாவது. தொட்டால் கத்தும். நள்ளிரவில் பூனை தாவினாலும் கத்தும்; லாரி போனாலும் கத்தும். மூன்று நாள் கத்தினால் தெருவார் பழகிவிடுவார்கள். நான்காம் நாள் திருடன் வந்தாலும் ஜன்னலைத் திறந்து பார்ப்பவர் இருக்க மாட்டார்.

நான்காவது, வண்டி இருக்கும் இடத்தைச் செல்போனில் காட்டும் ஜி.பி.எஸ். கருவி. இது திருட்டைத் தடுப்பது அல்ல. திருடு போன பிறகு தேட உதவுவது. அதற்கு ஒரு சிம் கார்டு வேண்டும்; சந்தா கட்ட வேண்டும். அது பாட்டரியையும் தின்னும். இடைவிடாமல் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஒரு கருவி நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி குடிக்கும். நான்கு ஆம்பியர்-மணி கொள்ளும் சிறிய பாட்டரி, வண்டியை எடுக்காமல் விட்டால் எட்டு நாளில் வற்றிப் போகும். ஊருக்குப் போய்த் திரும்புகிறவருக்கு வண்டி பத்திரமாக இருக்கும், ஸ்டார்ட் ஆகாது.

அலாரமோ ஜி.பி.எஸ்ஸோ மாட்டும்போது ஒயரை வெட்டி ஒட்டும் பழக்கம் உண்டு. சரியாக ஒட்டாத இடத்தில் தண்ணீர் இறங்கும். மின் கோளாறு வரும். புது வண்டியாக இருந்தால், மின்சாரப் பாகங்களுக்குக் கம்பெனி கொடுத்த உத்தரவாதமும் போய்விடலாம். வெட்டாமல் சொருகும் இணைப்பு உள்ள கருவியாகக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, சாவிக்குள் ஒரு சிறு "சிப்" வைத்து, அந்தச் சாவி வந்தால் மட்டுமே என்ஜினை ஓடவிடும் ஏற்பாடு. கார்களில் இது சாதாரணம். சில விலை உயர்ந்த மோட்டார் சைக்கிள்களிலும் ஸ்கூட்டர்களிலும் இருக்கிறது. சாமானியர் வாங்கும் மலிவு வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. அதிகமாகத் தெருவில் நிற்கிற வண்டிக்குக் குறைவான காவல். கூரைக்குள் நிற்கிற வண்டிக்கு அதிகமான காவல்! தயாரிப்பாளர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

திருடாமல் போனாலும் செலவு

திருடன் முயன்று, முடியாமல் ஓடிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று வீட்டார் மகிழ்வார்கள். மறுநாள் பட்டறைக்குப் போனால்தான் தலைப்பாகையின் விலை தெரியும்.

முறிந்தது சைடு லாக் மட்டும் என்று நினைத்துப் போவார்கள். ஆனால் பல வண்டிகளில் சைடு லாக்கும் ஸ்டார்ட் செய்யும் சுவிட்சும் ஒரே உறுப்பு. ஒன்றை மட்டும் மாற்றினால் பெட்ரோல் டாங்க் மூடிக்கு ஒரு சாவி, சுவிட்சுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடும். ஆகையால் "லாக் செட்" முழுவதையும் மாற்றுவார்கள். பலமாகத் தள்ளியதில் ஹேண்டில் கோணியிருக்கலாம். பூட்டு நாக்கு உட்காரும் குழி பெயர்ந்திருக்கலாம். ஹேண்டில் சுழலும் கோன் செட்டில் குண்டுகள் அடிபட்டிருக்கலாம். அப்படி இருந்தால் வண்டி நேராக ஓடாது. இதைக் கவனிக்காமல் வெறும் பூட்டை மாற்றிக்கொண்டு ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

ஒயரை அறுத்திருந்தால் செலவு இன்னும் கூடும். முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளின் ஒயரிங், அனுபவம் உள்ள எந்த மெக்கானிக்கும் மனப்பாடமாகச் செய்யும் வேலை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் மூளை கட்டளையிடும் எரிபொருள் தெளிப்பு முறை வந்துவிட்டது. ஒயரைத் தாறுமாறாக இணைத்தால் அந்த மூளைக்குக் கேடு. அதை மாற்றுவது, பழைய காலத்தில் ஒயர் ஒட்டியது போன்ற சில்லறைச் செலவு அல்ல.

கிடைத்த வண்டியின் கதி

"வண்டி கிடைத்துவிட்டது, வந்து பாருங்கள்" என்று போலீஸ் நிலையத்தில் இருந்து தகவல் வருகிறது. பாதி நஷ்டம் தீர்ந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் நாட்டில் எந்தப் போலீஸ் நிலையத்தின் பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்தாலும் அங்கே ஒரு காட்சி தெரியும். ஒன்றன் மேல் ஒன்றாய்ச் சாய்ந்து, செடிகொடி முளைத்து, துருவேறி நிற்கும் மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் விபத்தில் சிக்கியவை உண்டு; கடத்தலில் பிடிபட்டவை உண்டு; திருடு போய்க் கிடைத்தவையும் உண்டு.

நிற்கும் வண்டி சும்மா நிற்பது இல்லை, கெட்டுக்கொண்டே நிற்கிறது. பாட்டரி இறந்துவிடும். டயர் ஒரே இடத்தில் அழுந்தி வெடிக்கும். பெட்ரோல் பிசுபிசுத்துக் குழாயை அடைக்கும். டாங்கின் உள்ளே துரு பிடிக்கும். புது வகை வண்டிகளில் பெட்ரோல் பம்பு டாங்குக்குள்ளேயே இருப்பதால் அதுவும் கெடும். சீட்டு கிழியும், எலி ஒயரைக் கடிக்கும். ஓராண்டு கழித்து வண்டியை மீட்பவர், திருடன் செய்ததைவிட அதிகமான சேதத்தைப் பார்ப்பார்.

இப்படி ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதுதான் வேதனை. 2002ஆம் ஆண்டிலேயே, குஜராத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கைப்பற்றிய வாகனங்களை நெடுநாள் போலீஸ் நிலையத்தில் போட்டு வைப்பதில் பயன் இல்லை; தக்க ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, உரியவரிடம் கொடுத்துவிடலாம்; கைப்பற்றிய பொருள்களைப் பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவிலும், வழக்குச் சொத்துகளைப் பட்டியல் எடுத்து, படம் பிடித்து, விரைவில் பைசல் செய்யக் கெடு விதித்திருக்கிறார்கள்.

ஆனால் கோர்ட்டு தானாக வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து விடாது. சொந்தக்காரர் மாஜிஸ்திரேட்டுக் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் பத்திரம், அடையாளச் சான்று ஆகியவற்றைக் காட்ட வேண்டும். விற்க மாட்டேன், உருவத்தை மாற்ற மாட்டேன், கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவேன் என்று உறுதி எழுதிக் கொடுத்தால், வழக்கு முடியும் முன்பே இடைக்காலமாக வண்டியைப் பெறலாம். வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால், வழக்கு முடியும்போது வண்டியும் முடிந்திருக்கும்.

"ஐந்து வருட இன்ஷூரன்ஸ்" என்ற மயக்கம்

வண்டி கிடைக்கவே இல்லை என்றால் கடைசி நம்பிக்கை இன்ஷூரன்ஸ். பல குடும்பங்கள் ஏமாந்து நிற்பது இங்கேதான்.

சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவுப்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வண்டி வாங்கும்போதே ஐந்து ஆண்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டியாக வேண்டும். "ஐந்து வருஷத்துக்குக் கட்டியாகிவிட்டது, கவலை இல்லை" என்று வாங்குகிறவர் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் கட்டாயம் ஆக்கப்பட்ட அந்த ஐந்து ஆண்டு, "மூன்றாம் நபர்" இன்ஷூரன்சுக்கு மட்டுமே. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிர்ச் சேதத்துக்கும் பொருள் சேதத்துக்கும் அது ஈடு. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கோ, நம் வண்டி திருடு போவதற்கோ அதில் ஒரு பைசாகூடக் கிடையாது.

திருட்டுக்கு ஈடு தருவது "சொந்தச் சேதம்" என்ற மற்றொரு பகுதி. அது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்கு மட்டும் சேர்த்துத் தரப்படுகிறது. ஓராண்டு கழிந்ததும் அதைத் தனியே புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டாலும் சாலையில் போலீசார் கேட்க மாட்டார்கள். சட்டப்படி தேவையானது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே என்பதால் அபராதமும் இல்லை. அதனாலேயே பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி காணாமல் போன இரவில் பத்திரத்தை எடுத்துப் பார்க்கும்போதுதான், அது பிறருக்கு எழுதிய பத்திரம் என்று தெரிகிறது.

வாசகர்கள் இன்றே வீட்டில் உள்ள பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. அதில் இரண்டு தேதிகள் இருக்கும். மூன்றாம் நபர் பகுதி முடியும் தேதி ஒன்று; சொந்தச் சேதப் பகுதி முடியும் தேதி மற்றொன்று. இரண்டாவது தேதி தாண்டிப் போயிருந்தால், திருட்டைப் பொறுத்தவரை அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதப் பகுதியை மட்டும் தனியாக வாங்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது.

கைக்கு வருவது எவ்வளவு?

இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்தாலும், வாங்கிய விலை திரும்பி வராது. வண்டியின் வயதுக்கு ஏற்ப மதிப்பு குறையும். ஆறு மாதத்துக்குள் 5 சதவிகிதம்; ஓராண்டுக்குள் 15; இரண்டாண்டுக்குள் 20; மூன்றாண்டுக்குள் 30; நான்காண்டுக்குள் 40; ஐந்தாண்டுக்குள் 50. கம்பெனி விலை 80 ஆயிரம் ரூபாய் உள்ள வண்டி நான்காவது ஆண்டில் திருடு போனால் மதிப்பு 48 ஆயிரம். கடன் பாக்கி 30 ஆயிரம் இருந்தால், பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். சொந்தக்காரர் கைக்கு மிஞ்சுவது 18 ஆயிரம். இதை வைத்துக்கொண்டு புது வண்டி வாங்க முடியாது; புதுக் கடனுக்கு முன்பணம் கட்டலாம்.

ரிப்பேர்ச் செலவைக் கேட்டாலும் இதே கதை. பிளாஸ்டிக், ரப்பர், பாட்டரி போன்ற பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். அதிலும் இரு சக்கர வண்டி என்றால் 100 ரூபாயைக் கட்டாயமாகக் கழிப்பார்கள். ஒரு முறை ஈடு கேட்டுவிட்டால், விபத்தில்லாமல் ஓட்டியதற்குச் சேர்ந்திருந்த தள்ளுபடியும் போகும். முதல் ஆண்டுக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 சதவிகிதம் வரை வளரும் தள்ளுபடி அது. ஆகவே வெறும் லாக் செட் செலவுக்காக ஈடு கேட்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டு, தனியாக மாட்டிய துணைக் கருவிகளை மட்டும் திருடன் கழற்றிக்கொண்டு போனால், சாதாரண இரு சக்கர வண்டிப் பத்திரத்தில் அதற்கு ஈடே இல்லை.

ஆராய் என்ற வாகன ஆராய்ச்சி நிலையம் அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவியைப் பொருத்தினால், சொந்தச் சேதச் சந்தாவில் இரண்டரை சதவிகிதம் தள்ளுபடி என்று இன்ஷூரன்ஸ் விகித விதிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. உச்ச வரம்பு 500 ரூபாய். காருக்கு இது ஒரு சலுகை. ஆயிரம் ரூபாய் சந்தா கட்டும் மோட்டார் சைக்கிள்காரருக்கோ கிடைப்பது 25 ரூபாய்! ஆயிரக்கணக்கில் செலவு செய்து கருவி வாங்கு என்று சொல்லி, இரண்டு கப் காபிக் காசைக் கையில் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? திருட்டு குறைந்தால் கம்பெனிக்கும் லாபம்தானே? அந்த லாபத்தில் ஒரு நியாயமான பங்கு சாமானியருக்கும் வர வேண்டாமா?

முதல் ஒரு மணி நேரம்

வண்டி இல்லை என்று உறுதியானதும், தெருத் தெருவாக நண்பர்களோடு தேடி நேரத்தைக் கழிப்பது தவறு. முதல் வேலை போலீசில் புகார். கையில் வெறும் மனு ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், முதல் தகவல் அறிக்கை பதிவாகும்படி கேட்க வேண்டும். எல்லைத் தகராறு இப்போது இல்லை. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு மூலம் தகவல் கொடுத்து, மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திடவும் புதிய சட்டம் இடம் தருகிறது.

வண்டி ஈடுக்காக மட்டும் அல்ல இந்த அவசரம். திருடிய வண்டியில் போய்ச் சங்கிலி பறிப்பவர்கள் உண்டு. விபத்து செய்துவிட்டு ஓடுபவர்கள் உண்டு. நம்பரை வைத்துப் போலீசார் முதலில் வந்து நிற்பது சொந்தக்காரர் வீட்டு வாசலில்தான். அப்போது புகாரின் தேதியும் நேரமுமே அவருக்குச் சாட்சி.

அடுத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல்; பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும். கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்று காட்டியே ஈடு மறுத்த காலம் உண்டு. ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் 2020ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதம் ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி உண்மையான ஈட்டை மறுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஏழைகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் போலீஸ் புகாரே தாமதமானால் இந்தத் தீர்ப்பு துணைக்கு வராது.

கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கும். ஒரு சாவி தொலைந்திருந்தால், வண்டியிலேயே சாவியை விட்டுவிட்டுப் போனாரோ என்ற சந்தேகம் எழும். ஆகையால் வண்டி வாங்கிய நாளே இரண்டாவது சாவியை நகைப் பெட்டியில் வைக்க வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும். ஈடு வாங்கிய பிறகு வண்டி கிடைத்தால் அது கம்பெனிக்குச் சொந்தம், சொந்தக்காரருக்கு அல்ல.

மலிவு விலையின் மர்மம்

திருடு போன வண்டிகள் எங்கே போகின்றன? சில, எண் மாற்றி ஓட்டப்படுகின்றன. இதைத் தடுக்கவே 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்குக் கழற்ற முடியாத பூட்டும், முத்திரையும், தனி எண்ணும் உள்ள உயர் பாதுகாப்பு நம்பர் பலகை கட்டாயம் ஆயிற்று. மற்றவை பாகம் பாகமாகப் பிரிக்கப்படுகின்றன. பிரித்த பிறகு டாங்குக்கும் சீட்டுக்கும் சக்கரத்துக்கும் பெயர் ஏது, ஊர் ஏது?

அந்தப் பாகங்களை வாங்குவது யார்? கம்பெனி விலை கட்டுப்படியாகாத சாமானியர்தான். திருடன் உடைத்த பாகத்தை மாற்றப் பட்டறைக்குப் போகிறவரிடம், "பாதி விலைக்கு ஒன்று இருக்கிறது அண்ணே, பில் மட்டும் கிடையாது" என்று யாராவது சொன்னால், அவர் சரி என்கிறார். பழைய பாக வியாபாரம் நாணயமான தொழில். அதை நம்பிப் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் ரசீது இல்லாத பாகம் எந்த வீட்டு வாசலில் இருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒருவர் இழந்ததை இன்னொருவர் வாங்கினால், திருடனுக்குக் கூலி கொடுப்பது அந்த இன்னொருவர்தான்.

திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று பாரதீய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு சொல்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதற்கும் 317ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பழைய வண்டி வாங்கும்போது சட்டத்தில் பொறித்த எண்ணையும் என்ஜின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, கால் மணி நேர வேலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் "வாகன் சமன்வய்" என்ற இணைய வசதியில், அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

யானைக்கு அங்குசம்

யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா? ஆனால் எல்லாப் பாரத்தையும் யானை வாங்கியவன் தலையிலேயே வைப்பதும் நியாயம் ஆகாது. மலிவு வண்டியிலும் உறுதியான பூட்டு வைப்பது தயாரிப்பாளர் கடமை. "ஐந்து ஆண்டு" என்றால் எதற்கு ஐந்து ஆண்டு என்று விற்கும்போதே தமிழில் எடுத்துச் சொல்வது விற்பனையாளர் கடமை. கிடைத்த வண்டி துருவாகும் முன் உரியவர் கையில் சேர்ப்பது அரசாங்கத்தின் கடமை. ஸ்டேஷன் வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் விளக்கும் காவலும் உள்ள வண்டி நிறுத்தம் அமைப்பது ஊராட்சிகளின் கடமை.

இவை எல்லாம் நடக்கிற வரையில், வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவருக்கு மூன்று காரியங்கள் கைவசம் இருக்கின்றன. சைடு லாக்கோடு இன்னொரு பூட்டு. நகைப் பெட்டியில் இரண்டாவது சாவி. தேதி தாண்டாத சொந்தச் சேதப் பத்திரம். முதலாவது, திருடனை அடுத்த வண்டிக்குப் போகச் சொல்லும். மற்ற இரண்டும், அதையும் மீறி அவன் கைவரிசை காட்டிவிட்டால், இரவு பத்து மணிக்கு வெறும் சாவியோடு நிற்கிறவரைப் பத்து மாதத்துக்குக் கடனாளி ஆகாமல் காப்பாற்றும்.